குரங்கணி மலைக்கு வாஷிங்டனில் இருந்து வரும் வட்டி

குரங்கணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 2018 மார்ச் மாதக் காட்டுத்தீதான் நினைவுக்கு வரும். போடிக்காரர்களுக்கு அது மலைப்பாதை தொடங்கும் ஊர். அங்கிருந்து மேலே ஏறினால் சென்ட்ரல் ஸ்டேஷன், அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். (ரயிலே இல்லாத மலையில் இதென்ன ஸ்டேஷன் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும், கதை வருகிறது.) சரிவு முழுக்க காப்பி, மிளகு, ஏலம், கீழே வந்தால் மா, இலவம். விடியும் முன்பே போடியில் இருந்து ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும். பொழுது சாயத் திரும்பி வரும்.

இந்த ஊரில் நின்றுகொண்டு "சர்வதேசப் பொருளாதாரக் கொள்கை ஒருங்கிணைப்பு" என்று சொன்னால் சிரிப்பார்கள். ஜி-20 தலைவர்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வதற்கும் குரங்கணியில் மிளகு காயப்போடுபவருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. அது வட்டி வழியாக வருகிறது. நாடுகள் கூடிப் பேசி எடுக்கும் முடிவும் உள்ளூர் வட்டியை மாற்றுகிறது. கூடிப் பேசாமல் பெரிய நாடு தனியாக எடுக்கும் முடிவும் உள்ளூர் வட்டியை மாற்றுகிறது. இதில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. "ஒருங்கிணைப்பு" என்று பத்திரிகைகள் எழுதுவது பெரும்பாலும் டாலரும் யூரோவும் அச்சடிப்பவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு. மற்றவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது ஒரு கூட்டறிக்கை.

முதலில் அந்த ஸ்டேஷன் கதை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு தேயிலை வெளியே போன வழி இதுதான். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சின்ன ரயிலில் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு, குரங்கணியை ஒட்டிய கொட்டகுடிக்கு இறங்கும். அது பாட்டம் ஸ்டேஷன். பிறகு மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். அதற்குப் பிறகு ரயில், கப்பல், இங்கிலாந்து. 1924 பெருவெள்ளம் அந்தக் குண்டளை ரயிலை அடித்துக்கொண்டு போனது. பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன.

அந்தத் தேயிலைக்கு லண்டனில் பவுனில் பணம் கிடைக்கும். இங்கே கூலியும் வண்டிச் சத்தமும் ரூபாயில். நடுவில் ஒரு கேள்வி: ஒரு பவுனுக்கு எத்தனை ரூபாய்?

ஒரு ரூபாய்க்கு 16 பென்ஸ் என்றால், பவுனுக்கு 240 பென்ஸ், ஆக 15 ரூபாய். ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்றால் பவுனுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை. ஹில்டன் யங் கமிஷன் 1926ல் 18 பென்ஸ்தான் சரி என்றது. கமிஷனில் இருந்த புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் 16 பென்ஸ்தான் வேண்டும் என்று தனியாக மறுப்பு எழுதினார். 1927ல் 18 பென்ஸ் சட்டமானது. வெளிநாட்டுக்கு விற்கும் விவசாயிக்கு ஒவ்வொரு பவுனுக்கும் ஒன்றே முக்கால் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக நஷ்டம். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் அந்த விகிதத்தைக் காப்பாற்ற உள்நாட்டில் பணப்புழக்கத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. 1929க்குப் பிறகு உலகம் முழுக்க விளைபொருள் விலை சரிந்தபோதும் பிடியைத் தளர்த்தவில்லை.

1931 செப்டம்பர் 21ல் பிரிட்டன் தங்கத்தில் இருந்து விலகியது. அன்றைக்கே சிம்லாவில் இந்திய அரசு, ரூபாய்க்கு ஸ்டெர்லிங் விற்கும் கடமையை நிறுத்தி அவசரச் சட்டம் போட்டது. அதே நாளில் லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சர் சாமுவேல் ஹோர், ரூபாய் ஸ்டெர்லிங்கோடுதான் கட்டப்பட்டிருக்கும் என்று அறிவித்தார். சில நாட்களில் சிம்லாவின் சட்டம் மாற்றப்பட்டது. லண்டன் சொன்னதே நின்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் கடன் கட்ட முடியாத விவசாயக் குடும்பங்களின் நகைகள் உருகிக் கப்பலேறின. 1935 ஏப்ரல் 1ல் ரிசர்வ் வங்கி பிறந்தபோது அந்த 18 பென்ஸ் அதன் கையில் சீதனமாகக் கொடுக்கப்பட்டிருந்தது.

இதை ஒருங்கிணைப்பு என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது காலனி ஆட்சி என்பார்கள். சரிதான். ஆனால் நாணயம் வேறொரு நாட்டின் முடிவோடு கட்டப்பட்டால் உள்ளூர் வட்டி யார் சொல்படி ஆடும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

இப்போது ரூபாய் யாரோடும் கட்டப்படவில்லையே, சந்தையில் மிதக்கிறதே என்று கேட்கலாம். பி.காம் பாடப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. நிலையான மாற்று விகிதம், தடையில்லாத மூலதன ஓட்டம், சுதந்திரமான பணக்கொள்கை... மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். மாற்று விகிதத்தை மிதக்க விட்டால் பணக்கொள்கை உன் கையில். தேர்வில் ஒரு முக்கோணம் வரைந்தால் ஐந்து மதிப்பெண் கிடைக்கும்.

2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில் நடந்த மத்திய வங்கியாளர்கள் மாநாட்டில் எலேன் ரே என்ற பேராசிரியர் அந்த முக்கோணத்தில் ஒரு மூலையையே அழித்தார். உலகம் முழுக்கக் கடனும் பங்கு விலையும் மூலதன ஓட்டமும் ஒரே அலையில் ஏறி இறங்குகின்றன, அந்த அலையை அசைப்பதில் அமெரிக்கப் பணக்கொள்கைக்குப் பெரும்பங்கு உண்டு, மூலதனக் கதவு திறந்திருக்கும் வரை நாணயம் மிதந்தாலும் முழுச் சுதந்திரம் கிடையாது என்பது அவர் வாதம். அவர் அங்கே பேசிக்கொண்டிருந்த அதே மாதத்தில் இந்தியா அதை அனுபவித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன் 2008ஐப் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஒருங்கிணைப்பு நன்றாக வேலை செய்தது என்று எல்லோரும் காட்டும் வருடம் அது.

லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15ல் விழுந்தது. அக்டோபர் 8ல் அமெரிக்கா, ஐரோப்பிய மத்திய வங்கி, இங்கிலாந்து, கனடா, சுவீடன், சுவிட்சர்லாந்து ஆகிய ஆறும் ஒரே நேரத்தில் வட்டியைக் குறைத்தன. இந்தியா அந்த வரிசையில் இல்லை. ஆனால் அடுத்த வாரங்களில் அதே திசையில் ஓடியது. சுப்பாராவ் ஆளுநராகப் பொறுப்பேற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 9 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் அக்டோபர் 20ல் 8 ஆகி, 2009 ஏப்ரலில் 4.75 சதவீதத்துக்கு வந்தது. வங்கிகள் ரிசர்வ் வங்கியில் கட்டாயம் வைக்க வேண்டிய ரொக்க இருப்பு விகிதமும் 9ல் இருந்து 5 சதவீதம் ஆனது. 2008 நவம்பரில் வாஷிங்டனிலும் 2009 ஏப்ரலில் லண்டனிலும் ஜி-20 தலைவர்கள் கூடினார்கள். லண்டனில் அறிவித்த தொகை 1.1 லட்சம் கோடி டாலர். இதில் நல்லது நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். எல்லோரும் ஒரே நேரத்தில் வட்டி குறைத்தால் யாருடைய பணமும் யாரிடமும் ஓடாது. அப்போது உள்ளூர் மத்திய வங்கிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

ஆனால் அதே அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. உலகத்தில் டாலர் தட்டுப்பாடு. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட், சில நாடுகளுக்கு நேரடியாக டாலர் தர நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் (ஸ்வாப் என்பார்கள்) போட்டது. உன் நாணயத்தை என்னிடம் வை, டாலரை எடுத்துக்கொள், தவணை முடிந்ததும் திருப்பிக் கொடு. நம்மூர் அடகுக்கடை முறையேதான். அக்டோபர் 29ல் பிரேசில், மெக்சிகோ, தென்கொரியா, சிங்கப்பூர் நான்குக்கும் தலா 3,000 கோடி டாலர் கதவு திறந்தது. இந்தியா பட்டியலில் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது மறுபடி ஒரு பட்டியல். அதிலும் இந்தியா இல்லை. 2013 அக்டோபரில் ஐரோப்பா, ஜப்பான், இங்கிலாந்து, கனடா, சுவிட்சர்லாந்து ஐந்துக்கும் இந்த வசதி நிரந்தரமாக்கப்பட்டது. ஜி-20 மேசையில் இருபது நாற்காலிகள் போட்டிருந்தாலும் உண்மையான மேசையில் இருப்பது ஆறு நாற்காலிகள்தான்.

சரி, 2013.

2008க்குப் பிறகு ஃபெட் மாதாமாதம் கடன்பத்திரம் வாங்கி டாலரைச் சந்தையில் கொட்டியது. அந்த டாலரில் ஒரு பகுதி நல்ல வட்டி தேடி இந்தியா மாதிரி நாடுகளுக்கு வந்தது. 2013 மே 22ல் ஃபெட் தலைவர் பெர்னான்கி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவில் பேசும்போது, இனி வரும் கூட்டங்களில் இதைக் குறைக்கத் தொடங்கலாம் என்றார். குறைக்கவில்லை, குறைக்கலாம் என்றார், அவ்வளவுதான். அந்த மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர், ஆகஸ்ட் 28ல் 68 ரூபாயைத் தாண்டியது.

ரிசர்வ் வங்கி என்ன செய்தது? இந்தியாவின் வளர்ச்சி அப்போது மந்தமாக இருந்தது. பாடப் புத்தகப்படி வட்டி குறைக்க வேண்டிய நேரம். 2013 மே மாதம் வரை குறைத்துக்கொண்டும் வந்தார்கள். ஜூலை 15 இரவு, வங்கிகள் அவசரத்துக்கு ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் பணத்தின் வட்டியை 8.25ல் இருந்து 10.25 சதவீதமாக ஒரே அடியாக ஏற்றினார்கள். ரெப்போ 7.25லேயே இருந்தது, ஆனால் அந்த விலைக்குக் கிடைக்கும் பணத்துக்கு அளவு வைத்துவிட்டார்கள். கடைப் பலகையில் பழைய விலை, உள்ளே சரக்கு இல்லை என்ற கதை. குறுகிய காலப் பணத்தின் விலை எகிறியது.

தங்கத்தின் மீதும் கை வைத்தார்கள். இறக்குமதி வரி 2013 ஜனவரியில் 6, ஜூனில் 8, ஆகஸ்டில் 10 சதவீதம். டாலரைக் காப்பாற்றத் தாலிக்குத் தங்கம் வாங்குபவரும் பங்களிக்க வேண்டியதாயிற்று.

ஜூலை பாதியில் இருந்து செப்டம்பர் வரை என்பது ஏலக்காய்க்காரர்களுக்கு என்ன காலம் என்று கவனிக்கவும். பறிப்பு சூடுபிடிக்கும் காலம். பணம் அதிகம் தேவைப்படுகிற காலம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, வட்டி மலைக்கு எந்த வழியாக ஏறுகிறது என்று பார்ப்பது நல்லது. "வட்டி ஏறினால் விவசாயி பாதிக்கப்படுவார்" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. பட்டா வைத்திருந்து, வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ பயிர்க்கடன் வாங்கியவருக்கு மத்திய அரசு வட்டி மானியம் தருகிறது. பல ஆண்டுகளாக 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம் என்ற கணக்கு. ஃபெட் தும்மினாலும் இருமினாலும் அவருக்கு அந்த விகிதம் மாறாது. அடி விழுவது வேறு இடத்தில்.

போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் காய் எடுக்கும் வியாபாரியைப் பாருங்கள். இன்றைக்கு எடுத்த காய்க்குச் சில நாட்களில் பணம் கட்டியாக வேண்டும். அந்தக் காயைத் தரம் பிரித்து, வட இந்திய மொத்த வியாபாரிக்கு அனுப்பி, அங்கிருந்து பணம் வர வாரங்கள் ஆகும். இடையில் ஓடுவது வங்கியின் சி.சி. கணக்குப் பணம். அந்தப் பணத்தின் வட்டி ஏறினால் அவர் சரக்கு பிடித்து வைக்கத் தயங்குவார். தயங்கினால் ஏலத்தில் கேட்கும் விலையில் ஐந்து, பத்து குறைத்துக் கேட்பார். பயிர்க்கடன் வட்டி மாறாத அதே விவசாயிக்குக் காயின் விலை வழியாக வட்டி வந்து சேர்ந்துவிடுகிறது! அவருக்கு அது வட்டி என்றே தெரியாது. "இன்னைக்கு ஏலம் டல்" என்பார்.

அடுத்து ஜீப் வைத்திருப்பவர், காய் உலர்த்தும் ஸ்டோர் நடத்துபவர். ஜீப்புக்குத் தவணைக் கடன், ஸ்டோருக்கு நடைமுறைக் கடன். கடைசியில், பட்டா இல்லாமல் சரிவில் கொஞ்சம் மிளகும் காப்பியும் வைத்திருப்பவர்கள். இவர்களுக்குப் பயிர்க்கடன் எட்டாது. நகைக்கடன்தான், அல்லது வியாபாரியிடம் முன்பணம். முன்பணத்துக்கு வட்டி என்று தனியாக எழுத மாட்டார்கள், காயின் விலையில் கழித்துக்கொள்வார்கள். பாதுகாப்பு குறைந்தவரிடம்தான் வட்டி அதிகமாகப் போய்ச் சேருகிறது.

ரூபாய் விழுந்தால் ஏற்றுமதிக்கு லாபம்தானே என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். ஏலக்காயில் இது பாதி உண்மை. சவூதி ரியால் 1986ல் இருந்து டாலருக்கு 3.75 என்று கட்டப்பட்டிருக்கிறது. ஆக ரூபாய் டாலருக்கு எதிராக விழுந்தால் சவூதி வியாபாரிக்கு இந்தியக் காய் மலிவுதான். ஆனால் அந்தச் சந்தையில் குவாத்தமாலா உட்கார்ந்திருக்கிறது. அங்கே விளைவதில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கு. இந்தியக் காயில் பெரும்பகுதி நம் நாட்டுப் பாயசத்துக்கும் பிரியாணிக்கும் டீக்கும் போய்விடுகிறது. அதனால் ரூபாய் சரிவின் லாபம் ஏற்றுமதித் தரத்தில் காய் வைத்திருக்கும் சிலருக்கு. நஷ்டம் எல்லோருக்கும், ஏனென்றால் பொட்டாஷ் உரம் முழுக்க இறக்குமதி, கச்சா எண்ணெயிலும் பெரும்பகுதி இறக்குமதி. 2013 ஜனவரியில் இருந்து டீசல் விலையை மாதம் ஐம்பது பைசா அளவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரூபாய் விழ விழ, எத்தனை ஏற்றியும் பள்ளம் அடையவில்லை.

2013 செப்டம்பர் 4ல் ரகுராம் ராஜன் ஆளுநரானார். வெளிநாடுவாழ் இந்தியர்களின் டாலர் டெபாசிட்டை வங்கிகள் வாங்கி வந்தால், அதை ரிசர்வ் வங்கி சலுகை விலையில் ரூபாயாக மாற்றித் தரும் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. வங்கிகள் வெளிநாட்டில் வாங்கிய கடனுக்கும் சேர்த்து நவம்பர் முடிவதற்குள் சுமார் 3,400 கோடி டாலர் வந்தது. புயல் அடங்கியது. இது ராஜனின் சாமர்த்தியம் என்று எழுதித் தள்ளினார்கள். சாமர்த்தியம்தான். ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு செலவு உண்டு, அது ரிசர்வ் வங்கியின் கணக்கில் எழுதப்பட்ட செலவு. ஃபெட்டின் கதவு திறந்திருந்தால் தேவைப்பட்டிருக்காத செலவு. அதே செப்டம்பரில் ஜப்பானோடு இருந்த பரிமாற்ற ஒப்பந்தத்தை 5,000 கோடி டாலராக உயர்த்தும் முடிவும் வந்தது. இதைத்தான் ஒருங்கிணைப்பு என்று சொல்ல வேண்டும். ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்தார்.

2014 ஜனவரி 28ல் இந்தியா ரெப்போவை 8 சதவீதமாக்கியது. அன்றிரவே துருக்கியும் மறுநாள் தென்னாப்பிரிக்காவும் வட்டியை ஏற்றின. அந்த வாரத்தில்தான் ராஜன் தொலைக்காட்சியில், சர்வதேசப் பணக்கொள்கை ஒத்துழைப்பு முறிந்துவிட்டது என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். நெருக்கடியில் வளர்ந்த நாடுகளுக்கு வளரும் நாடுகள் தோள் கொடுத்தன, நெருக்கடி முடிந்ததும் அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள் என்பது அவர் குறை. ஏப்ரலில் வாஷிங்டன் புரூக்கிங்ஸ் நிறுவனத்தில் இதையே விரிவாகப் பேசினார். பார்வையாளர்களில் பெர்னான்கியும் இருந்தார், ஒத்துக்கொள்ளவில்லை. ஃபெட்டின் சட்டப்படியான கடமை அமெரிக்காவின் வேலைவாய்ப்பும் விலைவாசியும். போடி ஏல மையம் அதில் எழுதப்படவில்லை. பெர்னான்கி பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் இதில் கசப்பான பகுதி.

அவர் பக்கம் பேசுபவர்களுக்கு இன்னொரு வலுவான வாதமும் உண்டு. அதே ஃபெட் பேச்சு எல்லா நாட்டையும் ஒரே மாதிரி அடிக்கவில்லை. அடி வாங்கியவை இந்தியா, பிரேசில், இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, துருக்கி. "பலவீனமான ஐவர்" என்று ஒரு பட்டப்பெயரே விழுந்தது. 2012-13ல் இந்தியாவின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதம். சில்லறைப் பணவீக்கம் 10 சதவீதத்தை ஒட்டி. ஓட்டை வீட்டில் இருந்துகொண்டு மழையைத் திட்டலாமா? திட்டக்கூடாதுதான். பிறகு ஓட்டை அடைக்கப்பட்டது: 2016ல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, பணவீக்கம் 4 சதவீதம், அதில் இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்று இலக்கு வைக்கப்பட்டது. வட்டியை முடிவு செய்ய ஆறு பேர் குழு. அன்னியச் செலாவணிக் கையிருப்பும் 2021 செப்டம்பரில் 64,000 கோடி டாலரைத் தொட்டது. 1991ல் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்து சுமார் 40 கோடி டாலர் திரட்டிய நாடு இது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் இந்த எண்ணின் கனம் புரியும்.

அப்படி ஓட்டை அடைத்த பிறகு என்ன ஆனது? 2022 மே 4, புதன்கிழமை. திட்டமிட்ட கூட்டம் எதுவும் இல்லாத நாளில் ஆளுநர் சக்திகாந்த தாஸ் திடீரென்று தோன்றி, ரெப்போவை 4லிருந்து 4.40 சதவீதமாக உயர்த்துவதாக அறிவித்தார். அன்றிரவு ஃபெட் அரை சதவீதம் உயர்த்தியது. தற்செயல் என்று நம்பலாம். இந்தியாவிலும் பணவீக்கம் மார்ச்சிலேயே 7 சதவீதத்தை நெருங்கியிருந்தது, காரணம் இல்லாமல் ஏற்றவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் வழக்கமான கூட்டம் இருக்கும்போது ஃபெட் முடிவுக்குச் சில மணி நேரம் முன்பு ஏன் என்ற கேள்விக்கு முக்கோணத்தில் பதில் இல்லை. ரேயிடம் இருக்கிறது. 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.50. இடையில் கையிருப்பு 2022 அக்டோபரில் 52,500 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது, டாலரும் 83 ரூபாயைத் தாண்டியது.

இந்த முறை வட்டி மலை ஏற வாரங்கள் ஆகவில்லை. 2019 அக்டோபரில் இருந்து சிறு தொழில்களுக்கு வங்கிகள் தரும் புதிய மிதவை வட்டிக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்ட வேண்டும் என்பது விதி. வட்டி குறையும்போது வங்கிகள் அதை மக்களுக்குத் தராமல் அமுக்கிவிடுகின்றன என்பதால் வந்த விதி, நல்ல விதி. ஏறும்போது அதே வேகத்தில் ஏறும். உதாரணத்துக்கு, 20 லட்சம் ரூபாய் சி.சி. வைத்திருக்கும் வியாபாரிக்கு 2.50 சதவீதம் ஏறினால் வருடத்துக்கு 50,000 ரூபாய் கூடுதல். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் தொட்ட காய், 2022ல் பல நாட்கள் ஆயிரத்துக்கும் கீழே போனது. விலை விழுந்ததற்கு விளைச்சல் பெருகியது முக்கியக் காரணம், ஃபெட் மேல் பழி போட முடியாது. ஆனால் விலை இல்லாத வருடத்தில் வட்டியும் ஏறினால் என்ன ஆகும் என்று போடி வியாபாரிகளுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் என்ன வேண்டும்? எல்லா நாடும் சேர்ந்து வட்டியை முடிவு செய்ய வேண்டும் என்பது கேட்க அழகான யோசனை. அது ஆபத்தான யோசனையும்கூட. 1985 செப்டம்பரில் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் கூடி டாலரை இறக்குவது என்று முடிவெடுத்தன. யென் ஏறியது, ஜப்பான் ஏற்றுமதி திணறியது, அதைச் சமாளிக்க ஜப்பான் மத்திய வங்கி 1987 பிப்ரவரியில் வட்டியை 2.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. நிலமும் பங்கும் ஊதிப் பெருத்து, 1990களில் வெடித்தன. ஊருக்காக வட்டி வைத்தவன் வீடு விழுந்த கதை. ரிசர்வ் வங்கியின் வட்டியை எந்தப் பன்னாட்டு மேசையிலும் அடகு வைக்கக்கூடாது.

கேட்க வேண்டியது வட்டி ஒருங்கிணைப்பை அல்ல, டாலர் கதவை. நெருக்கடியில் டாலர் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால், ரூபாய் விழும்போதெல்லாம் வட்டியை ஏற்றிக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் குறையும். இன்று அந்த உறுதி வேண்டிய நாடுகள் தாங்களே கையிருப்பு சேர்க்கின்றன. அது சும்மா வருவதில்லை. குறைந்த வட்டி தரும் அமெரிக்கக் கடன்பத்திரத்தில் இத்தனை கோடி டாலரைப் போட்டு வைப்பது, வீட்டில் கடன் வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் பணக்காரருக்குக் குறைந்த வட்டிக்குக் கொடுத்து வைப்பது மாதிரி. 2014 ஜூலையில் பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் பிரிக்ஸ் நாடுகள் 10,000 கோடி டாலர் அவசர நிதி ஒப்பந்தம் போட்டன, இந்தியாவின் பங்கு 1,800 கோடி. நல்ல தொடக்கம். ஆனால் அதில் தன் பங்கு அளவுக்கு வாங்க நினைக்கும் நாடு 30 சதவீதத்துக்கு மேல் போனால் பன்னாட்டு நிதியத்தின் திட்டத்துக்குள் வர வேண்டும். சுற்றி வந்து மறுபடி வாஷிங்டன் வாசலில்தான் நிறுத்துகிறார்கள்.

இதில் இந்தியாவுக்குக் கேட்கும் தகுதி இருக்கிறது என்பதற்கு ஒரு சின்ன ஆதாரம். 2012ல் இருந்து ரிசர்வ் வங்கி சார்க் நாடுகளுக்கு ஸ்வாப் வசதி வைத்திருக்கிறது. 2022 ஜனவரியில் இலங்கையின் கஜானா காலியாகிக்கொண்டிருந்தபோது அதன்படி 40 கோடி டாலர் கொடுத்தது. இலங்கையின் சரிவை அது நிறுத்தவில்லை, ஏப்ரல் 8ல் இலங்கை மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 சதவீதம் ஏற்றியது. ஆனால் அந்த நாட்களில் தொகை சின்னது என்று கொழும்பில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியவர் தனக்குத் திறக்காத கதவை இந்தியா தன்னைவிடச் சின்னவருக்குத் திறந்தது. ஜி-20 தலைமை 2023ல் இந்தியா கையில் இருந்தது. டெல்லி மாநாட்டில் பேசிய எத்தனையோ விஷயங்களுக்கு நடுவே, டாலர் கதவைப் பற்றிக் குரல் உயர்த்திக் கேட்டிருக்கலாம்.

2025 பிப்ரவரியில் ரெப்போ இறங்கத் தொடங்கி, ஜூன் மாதத்தில் 5.50க்கு வந்தது. போடி வியாபாரியின் சி.சி. கணக்கில் அது தெரிந்திருக்கும். குரங்கணிக்கு மேலே, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம், வியாபாரியிடம் முன்பணம் வாங்கி மிளகுக்கொடிக்கு எரு வைத்தவரின் கணக்கில் என்ன தெரிந்திருக்கும்? அந்தக் கணக்கு எந்த ரெப்போவோடும் கட்டப்படவில்லை. ஏறும்போது அங்கே போய்ச் சேர்ந்த வட்டி, இறங்கும்போது பாதி வழியில் ஜீப்பை விட்டு இறங்கிக்கொள்கிறது.